இருதயத்தை அறிகிறவர் மாவட்ட ஆட்சியர் அல்லர்

உத்தரப் பிரதேச அரசு 2021இல் இயற்றிய சட்டவிரோத மதமாற்றத் தடைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மதம் மாற விரும்பும் ஒருவர் 60 நாள்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் அறிவிப்புப் படிவம் அளிக்க வேண்டும் என்கிறது. படிவம் கிடைத்ததும் ஆட்சியர் காவல் துறையைக் கொண்டு விசாரணை நடத்த வேண்டும். மாற விரும்புபவரின் உண்மையான உள்நோக்கம், குறிக்கோள், காரணம் ஆகியவையே அவ்விசாரணையின் பொருள். குற்றம் எதுவும் நிகழாத நிலையில், புகார் எதுவும் வராத நிலையில், ஒரு குடிமகளின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதித் தரும் பொறுப்பு காவல் நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

இச்சட்டத்தையும் இதையொத்த பிற மாநிலச் சட்டங்களையும் குறித்த விவாதம் பெரும்பாலும் அரசமைப்பின் 25ஆம் பிரிவைச் சுற்றியே நடைபெறுகிறது. அவ்விவாதம் தேவையானதே. ஆயினும் அதில் இரு தரப்பினரும் ஒரே முற்கோளைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றனர். மெய்யான மதமாற்றம் பிளவற்ற ஒரே மனத்துடன் நிகழ்வது. அந்த மனத்தைப் புறச்சான்றுகளால் மெய்ப்பிக்க முடியும் என்பதே அம்முற்கோள். சட்டத்தை ஆதரிப்போர், போலி மாற்றங்களைப் பிரித்தெடுக்க வேண்டும் என்கின்றனர். எதிர்ப்போரில் பலர், குறிப்பாகத் திருச்சபைத் தலைவர்கள், தம்மிடம் வருவோர் அனைவரும் மெய்யானவர்களே என்று மறுமொழி தருகின்றனர். இம்மறுமொழி அரசியல் நோக்கில் புரிந்துகொள்ளத்தக்கது. இறையியல் நோக்கில் பிழையானது. கிறிஸ்தவ மரபு அம்முற்கோளின் இரு பாதிகளையுமே மறுக்கிறது. மனித மனம் பிளவுபட்டது என்பது அதன் மானிடவியல். அப்பிளவின் ஆழத்தைக் கடவுள் ஒருவரே அறிவார் என்பது அதன் இறையியல். இரண்டையும் சேர்த்துப் படித்தால், மனிதர் மனிதரின் உள்ளத்துக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு எதிரான தடை ஒன்று புலப்படும். இந்தியாவில் இன்று அத்தடையை மீறுவது அரசு மட்டுமன்று. திருச்சபைகளும் கல்விப்புலமும் தத்தம் வழியில் அதை மீறுகின்றன.

முதலில் பிளவைப் பற்றி. யாக்கோபின் நிருபம் 'டிப்சுகோஸ்' என்றொரு கிரேக்கச் சொல்லை ஆள்கிறது. அதற்கு முந்தைய கிரேக்க எழுத்துகளில் இச்சொல் கிடைக்கவில்லை. தமிழ் வேதாகமம் அதனை 'இருமனம்' என்று பொருத்தமாகவே பெயர்த்தது. யாக்கோபு இருமனத்தைக் கண்டிக்கிறார். ஆனால் நான்காம் அதிகாரத்தில் அப்பெயரால் அவர் அழைப்பது சபைக்கு வெளியே நிற்போரை அன்று, சபைக்குள் இருப்போரை. ரோமர் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பேசும் குரல், தான் விரும்பும் நன்மையைச் செய்யாமல் வெறுக்கும் தீமையையே செய்வதாக முறையிடுகிறது. தன் செயல் தனக்கே விளங்கவில்லை என ஒப்புக்கொள்கிறது. மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் நோயுற்ற மகனின் தந்தை, தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் அறிக்கையிடுகிறார். அவருடைய விசுவாசம் எத்தனை விழுக்காடு தூயது என்று இயேசு வினவவில்லை. மகன் குணமடைகிறான்.

கிறிஸ்தவ வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற மனமாற்றம் அகஸ்தீனுடையது. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அது நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு அவர் திருமுழுக்குப் பெற்றார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து ஆயராக அமர்ந்து அவர் எழுதிய 'ஒப்புதல்கள்' நூலின் எட்டாம் பகுதி, ஒரே சித்தம் தனக்கே கட்டளையிட்டுத் தனக்கே கீழ்ப்படிய மறுப்பதை நுணுக்கமாக ஆராய்கிறது. மானிகேயர் கூறியவாறு நல்லது, தீயது என இரு இயல்புகள் மனிதருக்குள் போரிடவில்லை. விரும்புவதும் மறுப்பதும் ஒரே ஆள்தான் என்பது அங்கு அவர் வாதம். பத்தாம் பகுதி அதைவிட முக்கியமானது. மனம் மாறிய பின்னரும் தன் கனவுகளும் புகழாசையும் தன் வசப்படவில்லை என்றும், தன்னைத் தான் முழுமையாக அறியவில்லை என்றும் அங்கே அவர் எழுதுகிறார். ரோமர் ஏழாம் அதிகாரத்தைத் தொடக்கத்தில் அருளுக்கு முந்தைய மனிதனின் குரலாகப் படித்த அவர், பெலாகியருடனான விவாதக் காலத்தில் அது அப்போஸ்தலருடைய குரலாகவே இருக்கலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்த மாற்றத்தின் பொருள் தெளிவானது: மனமாற்றம் பிளவை ஒழிப்பதில்லை.

இங்கே புலமை சார்ந்த எதிர்வாதம் ஒன்று எழும். வெர்னர் கியோர்க் கும்மெல் 1929இலேயே ரோமர் ஏழாம் அதிகாரத்தின் 'நான்' பவுலின் தன்வரலாறு அன்று என வாதிட்டார். கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் வெளியான தம் கட்டுரையில், உள்நோக்கித் துழாவும் மனச்சான்று மேற்குலகின் ஆக்கம். அதை அகஸ்தீனும் லூத்தரும் பவுல்மீது ஏற்றிப் படித்தனர் என்றார். இவ்வாதத்தை முழுவதும் ஏற்றாலும் இங்கு எழுப்பப்படும் கருத்துக்குக் குறைவில்லை. அது வலுப்பெறவே செய்கிறது. ஸ்டெண்டால் காட்டும் பவுல் தன் உள்ளத்தைக் குடைந்துகொண்டிருப்பவர் அல்லர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், மனித நீதிமன்றம் தன்னைத் தீர்ப்பிடுவதைத் தான் பொருட்படுத்தவில்லை என்கிறார். தன்னைத் தானே தீர்ப்பிடுவதும் இல்லை என்கிறார். இருதயங்களின் யோசனைகளை வெளிப்படுத்துவது கர்த்தருக்கு உரியது, ஆகவே காலத்துக்கு முன்னே எவரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று முடிக்கிறார். அகஸ்தீனின் வழியில் சென்றாலும் ஸ்டெண்டாலின் வழியில் சென்றாலும், உள்ளத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் மனித அலுவலருக்கு இடம் கிடைப்பதில்லை.

அடுத்தது, மறைவானவற்றைக் கடவுள் அறிகிறார் என்னும் கோட்பாடு. ஆலயப் பிரதிஷ்டையின்போது சாலொமோன் செய்யும் மன்றாட்டு, மனிதரின் இருதயத்தை அறிபவர் கடவுள் ஒருவரே என்று அழுத்திச் சொல்கிறது. அழுத்தம் 'ஒருவரே' என்பதில் விழுகிறது. புதிய ஏற்பாட்டில் 'இருதயத்தை அறிகிறவர்' என்று பொருள்படும் 'கார்டியோக்னோஸ்டெஸ்' என்னும் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ளன. இரண்டாவது இடம் பதினைந்தாம் அதிகாரம். எருசலேமில் கூடிய சபையின் முன் நின்ற கேள்வி மதமாற்றம் பற்றியதே. புறவினத்தார் சேர வேண்டுமானால் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும், நியாயப்பிரமாணம் முழுவதையும் கைக்கொள்ள வேண்டும் என்று ஒரு தரப்பு வற்புறுத்துகிறது. பேதுரு எழுந்து, இருதயங்களை அறிந்த கடவுளே அவர்களுக்குச் சாட்சி கொடுத்துவிட்டார், இனி அவர்கள் கழுத்தில் நுகத்தை வைப்பது கடவுளைச் சோதிப்பதாகும் என்கிறார். கடவுள் உள்ளத்தை அறிகிறார் என்பது இங்கே சோதனையை நீக்குவதற்கான காரணமாக வைக்கப்படுகிறது. அவர் அறிவதால், வாசலில் நின்று மற்றவர் துருவ வேண்டிய தேவை இல்லாமற் போகிறது.

எகிப்திய பாலைவனத் துறவியான எவாக்ரியுஸ் (இறப்பு 399) இதை மேலும் கூர்மையாகக் கண்டார். தீய ஆவிகள் மனித இருதயத்தை நேரடியாக அறிவதில்லை. பேச்சையும் உடலசைவையும் கவனித்து உள்ளே இருப்பதை ஊகிக்கின்றன என்பது அவர் போதனை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், வானதூதருக்கும் இருதயத்தின் மறைவெண்ணங்கள் தெரியா. வெளிப்பட்ட விளைவுகளைக் கொண்டு ஊகிப்பது வேறு, உள்ளத்தில் இருப்பதை உள்ளபடி அறிவது வேறு என்று வகுத்தார். இடைக்காலத் திருச்சபைச் சட்டமும், மறைவாக உள்ளவை சபையின் தீர்ப்பு எல்லைக்கு வெளியே நிற்பவை என்னும் நெறியை ஒப்புக்கொண்டிருந்தது. குறிகளைச் சேகரித்து ஒருவரின் உள்ளத்தைப் பற்றி முடிவு கட்டும் தொழிலை எவாக்ரியுஸ் எவருக்கு ஒதுக்கினார் என்பது, விசாரணை அறிக்கை எழுதும் எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

கல்விப்புலத்தில் இதற்கு நேரெதிரான வாசிப்பு செல்வாக்குடன் இருக்கிறது. அனைத்தையும் காணும் கிறிஸ்தவக் கடவுளே நவீனக் கண்காணிப்பின் முன்மாதிரி என்றும், பாவசங்கீர்த்தனமே உள்ளத்தைப் பேசவைக்கும் அதிகாரத்தின் தொட்டில் என்றும் ஃபூக்கோவை மேற்கோளிட்டுச் சொல்வது கருத்தரங்குகளில் வழக்கமாகிவிட்டது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கொரு முறை பாவசங்கீர்த்தனத்தைக் கட்டாயமாக்கியது உண்மை. அந்நிறுவனத்தின் வரலாற்றைப் பற்றி ஃபூக்கோ கூறுவதில் பெரும்பகுதி மறுக்கத்தக்கதன்று. பிழை அடுத்த படியில் நேர்கிறது: நிறுவனம் செய்ததைக் கோட்பாட்டின் தலையில் கட்டிவிடுகிறார்கள். 139ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். கண்காணிப்பு வாசிப்புக்கு மிகவும் உகந்ததாகத் தோன்றும் பாடல் அது. ஆனால் அதைப் பாடுபவர் தன் பகைவர்மீதான முழு வெறுப்பையும் கொட்டித் தீர்த்துவிட்டு, அதன் பிறகே தன்னைச் சோதித்துப் பார்க்குமாறு கடவுளை வேண்டுகிறார். தன் வெறுப்பு நீதியானதுதானா என்று தனக்கே உறுதியில்லாத ஒருவரின் வேண்டுதல் அது. கண்காணிப்புக் கோபுரத்துக் காவலரிடம் எந்தக் கைதியும் இவ்வாறு வேண்டுவதில்லை. கடவுளுக்கு மட்டுமே உரியதென்று ஒதுக்கப்பட்ட அறிவை அரசும் ஆலயமும் அபகரித்தபோது கண்காணிப்பு பிறந்தது. அபகரிப்பைக் கண்டிப்பதற்கான அளவுகோல் அக்கோட்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தூக்கியெறிந்துவிட்டால் கண்டிப்பவர் கையில் மிஞ்சுவது குறைவு.

அபகரிப்பின் மிகக் கொடிய இந்தியச் சான்று கோவா. 1560இல் நிறுவப்பட்ட விசாரணை மன்றம், 1774 முதல் 1778 வரையிலான இடைவெளி நீங்கலாக, 1812 வரை இயங்கியது. யூத வழிவந்த புதுக் கிறிஸ்தவர்களையும், பின்னர் பெருமளவில் இந்து சமயத்திலிருந்து வந்தவர்களையும் அது விசாரித்தது. அவர்கள் மறைவில் பழைய சமயத்தைப் பேணுகிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. மறைவிலுள்ளதை எப்படிக் காண்பது? 1736ஆம் ஆண்டின் ஆணை அதற்கு விடை தந்தது: உடை, உணவு, திருமணச் சடங்கு, முற்றத்துத் துளசி. இருதயத்தைத் தேடிச் சென்றவர்கள் சமையற்கட்டில் போய் நின்றனர். உத்தரப் பிரதேசச் சட்டத்தை எதிர்க்கும் கிறிஸ்தவர்கள் கோவாவை மறைக்கத் தேவையில்லை. மறைக்காமல் சொல்லும்போதுதான் அவர்களுடைய எதிர்ப்புக்கு வலு சேரும். ஏனெனில் மத நம்பிக்கையைக் காவல் விசாரணைக்கு உட்படுத்தினால் என்ன நேரும் என்பதை இந்த மண்ணில் முதலில் காட்டியவர்கள் கிறிஸ்தவ அதிகாரிகளே.

பண்டித ரமாபாயின் வாழ்க்கை இச்சிக்கலை ஒரு தனி ஆளில் காட்டுகிறது. 1883இல் இங்கிலாந்தின் வாண்டேஜ் நகரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அதன் பின்னரும் திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வீகம் ஆகியவை குறித்துத் தம் வழிகாட்டியான சகோதரி ஜெரால்டினுடன் கடிதங்களில் தொடர்ந்து வாதிட்டார். அவருடைய சைவ உணவுப் பழக்கம்கூட அங்கே ஐயத்துக்கு உள்ளானது. திருமுழுக்குக்குச் சில ஆண்டுகள் கழித்தே கிறிஸ்துவைத் தாம் உண்மையில் கண்டடைந்ததாக 1907இல் வெளியான தம் சாட்சியத்தில் அவர் கூறினார். ஆட்சியரின் விசாரணை எந்த ஆண்டு ரமாபாயிடம் நடைபெற வேண்டும்? 1883இல் நடந்திருந்தால் அவருடைய ஐயங்களைக் கொண்டே அவர் போலி என்று எழுதப்பட்டிருக்கலாம். ஐயத்தோடு திருமுழுக்குப் பெற்ற அந்தப் பெண்ணே பின்னர் மராத்தியில் முழு வேதாகமத்தையும் பெயர்த்தார்.

ரமாபாய் கற்றறிந்த பிராமணப் பெண் என்பதால் அவருடைய இருமனம் 'ஆன்மிகத் தேடல்' என்று பெயர் பெற்றது. அதே இருமனம் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் காணப்பட்டபோது அது 'அரிசிக் கிறிஸ்தவம்' ஆயிற்று. 1936இல் ஜான் மாட்டுடன் நிகழ்ந்த உரையாடலில் காந்தியடிகள், தீண்டப்படாதோரிடம் நற்செய்தி சொல்வதைப் பசுவிடம் சொல்வதோடு ஒப்பிட்டார். அவர்களால் ஆன்மிக வேறுபாடுகளை உணர இயலாது, ஆகவே அவர்களின் மாற்றம் மெய்யானதாக இருக்க முடியாது என்பது அதன் உட்கிடை. அக்காலத்தில் தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பணிப்பரப்பில் மாலா, மாதிகா மக்கள் திரள் திரளாகத் திருச்சபையில் சேர்ந்துகொண்டிருந்தனர். வாஸ்கம் பிக்கெட் 1933இல் வெளியிட்ட திரள் இயக்கங்கள் பற்றிய ஆய்வு, அவ்வாறு சேர்ந்தோரின் நோக்கங்களை வகைப்படுத்திப் பார்த்தது. மீட்பைத் தேடி வந்தவர்கள் இருந்தனர். நிலக்கிழாரின் கொடுமையிலிருந்து காப்புத் தேடி வந்தவர்களும் உறவினர் வந்ததால் வந்தவர்களும் இருந்தனர். வந்த நோக்கத்தைக் காட்டிலும் வந்த பின் கிடைத்த போதனையும் பராமரிப்புமே அவர்களின் பின்னைய வாழ்வைப் பெரிதும் தீர்மானித்தன என்பது அந்நூலின் முக்கியமான முடிவு. பசியும் மானமும் விசுவாசமும் ஒரே நெஞ்சில் கலந்திருந்தால் விசுவாசம் பொய்யாகிவிடும் என்பவர், ரோமர் ஏழாம் அதிகாரத்தின் பேச்சாளரையும் பொய்யர் என்றே சொல்ல வேண்டும்.

சட்டத்தின் உள்ளத் தேடல் நேர்மையானதும் அன்று. உத்தரப் பிரதேசச் சட்டத்தின்படி, ஒருவர் தம் உடனடி முந்தைய மதத்துக்குத் திரும்பினால் அது மதமாற்றமாகவே கருதப்படாது. உள்ளத்தின் உண்மையே அக்கறை என்றால் போகிறவரையும் திரும்புகிறவரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். ஒரு திசைக்கு மட்டும் சோதனைச் சாவடி அமைப்பவரின் அக்கறை உண்மையைப் பற்றியதன்று, எண்ணிக்கையைப் பற்றியது. இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் 2012இல், அம்மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த 30 நாள் முன்னறிவிப்பு விதியை நீக்கியது. தன் நம்பிக்கையை வெளியிடாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமையும் மனச்சான்றுச் சுதந்திரத்தில் அடங்கும் என்று கூறியது. 2019இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் முன்னறிவிப்பை மீண்டும் கொண்டுவந்தது.

குற்றவியல் சட்டம் நாள்தோறும் உள்நோக்கத்தை ஆராய்கிறதே, இங்கு மட்டும் ஏன் கூடாது என்று சட்ட மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொலை வழக்கில் பிறருக்குத் தீங்கு விளைந்த ஒரு செயல் முதலில் இருக்கிறது. அச்செயலின் தன்மையை அறிய நோக்கம் ஆராயப்படுகிறது. மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பின் மேல் இருக்கிறது. மதமாற்ற அறிவிப்பில் தீங்கான செயல் எதுவும் இல்லை; உள்ளமே விசாரணைப் பொருளாகிவிடுகிறது. வழக்கு என்று வந்தாலோ, வற்புறுத்தல் இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமையை 12ஆம் பிரிவு மதம் மாற்றியவர்மேல் ஏற்றிவைக்கிறது. மிரட்டலும் மோசடியும் புறச்செயல்கள். அவற்றைத் தண்டிக்கப் பொதுக் குற்றவியல் சட்டமே இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான காயம் வேறிடத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களையும், 1956 முதல் சீக்கியரையும், 1990 முதல் பௌத்தரையும் ஏற்கிறது. தலித் கிறிஸ்தவரையும் தலித் முஸ்லிம்களையும் விலக்குகிறது. இதன் விளைவாக எத்தனையோ குடும்பங்கள் சான்றிதழில் ஒன்றாகவும் ஞாயிற்றுக்கிழமையில் வேறொன்றாகவும் வாழ்கின்றன. புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரித் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அவர் குழந்தையாகப் பெற்ற திருமுழுக்கையும் தேவாலயத்துக்குத் தவறாமல் செல்வதையும் சான்றாகக் கொண்டு அவர் கிறிஸ்தவரே என்று முடிவு செய்தது. உண்மையான நம்பிக்கையின்றி இட ஒதுக்கீட்டுக்காகவே ஒரு மதத்தைத் தழுவுவது அரசமைப்பின்மீது இழைக்கப்படும் மோசடி என்றும் கூறியது. சாதி அவரைத் தேவாலயத்தின் வாசலில் விட்டு நீங்கவில்லை. சலுகை மட்டும் நீங்கியது. இங்கே இருமனம் அவருடைய குற்றமன்று. அதை ஆக்கியது 1950ஆம் ஆண்டின் ஆணை. ஒரு மனிதரை இரண்டாகக் கிழித்துவிட்டு, ஏன் இரண்டாக இருக்கிறாய் என்று கேட்கும் நீதி இது.

திருச்சபைகள் இக்குடும்பங்களுக்கு என்ன செய்கின்றன? சான்றிதழில் 'இந்து' என்று எழுதிக்கொண்டவர்களை அரைகுறை விசுவாசிகள், மறுதலித்தவர்கள் என்று பிரசங்க மேடைகளிலிருந்து சாடும் குரல்கள் உண்டு. அக்குரல்கள் எழும் சபைகளில் சாதி கண்ணுக்குத் தெரியும் இடங்களில் அமர்ந்திருக்கிறது. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரைப் பார்க்க இருதயத்தை அறியும் தெய்வ ஞானம் தேவையில்லை, கண் போதும். மறைவானவற்றைத் தீர்ப்பிட வேண்டாம் என்ற மரபு, வெளிப்படையான அநீதியைத் தீர்ப்பிட வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. ஏழையின் நெஞ்சைத் துருவிப் பார்ப்பவர்கள் செங்கல் சுவரைக் காணாமல் போவது, அதிகாரம் எப்போதும் எளிதான திசையில்தான் பாய்கிறது என்பதற்கான சான்று.

ஆய்வாளர்களும் இப்பழிக்கு முழுவதும் விலக்கானவர்கள் அல்லர். 'மெய்யான மதமாற்றம்', 'பயன்கருதிய மதமாற்றம்' என்ற பாகுபாட்டை ஆய்வேடுகளில் பகுப்பாய்வுக் கருவியாக வைப்பவர்கள், 8ஆம் பிரிவின் கேள்வியையே வேறு மொழியில் கேட்கின்றனர். களப்பணியில் ஒரு மூதாட்டியிடம் "எதற்காக மாறினீர்கள்?" என்று கேட்டு, பள்ளிக்கூடம், பிள்ளையின் காய்ச்சல், ஜெபம் என்று அவர் சொல்லும் மூன்று காரணங்களில் ஒன்றை மட்டும் 'உண்மைக் காரணம்' என்று அட்டவணையில் நிரப்புவது ஆய்வாகாது. அவர் மூன்றையும் ஒருசேரச் சொன்னார் என்பதே தரவு. அந்த மூன்றும் ஒரே நெஞ்சில் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதைப் பதிவு செய்யலாம், விளக்க முயலலாம். அவற்றுள் எது மெய் என்று முத்திரை குத்தும் அதிகாரம் ஆய்வாளருக்கு இல்லை.

கடவுள் உண்டென்று நம்பாதவரும் இம்மரபிலிருந்து இதை எடுத்துக்கொள்ளலாம். மனித உள்ளத்தைத் தீர்ப்பிடும் இருக்கை ஒன்று இருக்கிறது. அதில் எந்த மனிதரும் அமரக் கூடாது. விசுவாசி அவ்விருக்கையைக் கடவுளுடையது என்பார், நம்பாதவர் அது வெற்றிருக்கை என்பார். இரண்டு நிலைகளிலும் ஆட்சியருக்கும் ஆயருக்கும் ஆய்வாளருக்கும் அதில் இடமில்லை. அரசு செய்யக்கூடியது மிரட்டுபவரைத் தண்டிப்பதும், 1950ஆம் ஆண்டு ஆணையின் மத நிபந்தனையை நீக்குவதும். திருச்சபை செய்யக்கூடியது சுவரை இடிப்பது. இவற்றுள் எதற்கும் எவருடைய இருதயத்தையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.